பிங்கி பீற்றர்சனிடம் யாரும் கேட்கவில்லை

"அந்தத் தகப்பன் தன்ர பிள்ளையைக் கைவிட்டிட்டான்" என்று நத்தார் விடுமுறை மாலையொன்றில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் வீட்டில், ஒரு முதியவர் சொன்னார். அவர் சொன்னது அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1976ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி ஒளிபரப்பான ஒரு நகைச்சுவை அங்கத்தில் வரும் பிங்கி பீற்றர்சன் என்ற பாத்திரத்தைப் பற்றி. "ஓல் இன் த ஃபமிலி" தொடரின் ஏழாவது பருவத்தைச் சேர்ந்த அந்த அங்கத்தை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்து பார்த்து முடித்த கையோடு அவர் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவருடைய கருத்தை என்னால் ஏற்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அங்கத்தைத் தனியே இருந்து பல தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த முதியவரோடு மனதுக்குள் வாதாடியபடியேதான் பார்க்கிறேன்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வசிக்கும் ஆர்ச்சி பங்கர் சரக்குத் துறையில் வேலை செய்யும் மேற்பார்வையாளர். கறுப்பினத்தவர், யூதர், புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள், பெண்ணுரிமை பேசுபவர்கள் என எல்லோரைப் பற்றியும் அவருக்குத் தயாராக ஒரு கருத்து உண்டு. அந்தக் கருத்து அநேகமாகப் பிழையாகவே இருக்கும். அவரோடு மனைவி ஈடித், மகள் குளோரியா, வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசும் மருமகன் மைக். பிரித்தானியத் தொடர் ஒன்றைத் தழுவி நோர்மன் லியர் உருவாக்கிய இந்தத் தொடர் 1971 ஜனவரியில் தொடங்கியது. தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாக இருந்தது. பார்வையாளர் முன்னிலையில் நடித்து ஒளிநாடாவில் பதிவுசெய்யப்பட்டதால், நாம் கேட்பது பெட்டியில் அடைத்துவைத்த சிரிப்பை அல்ல. மண்டபத்தில் இருந்த மனிதர்கள் அந்த நேரத்தில் சிரித்த சிரிப்பு அது. அவர்கள் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்பதும் அதனாலேயே நமக்குக் கேட்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். லியர் இரண்டாம் உலகப்போரில் கல்லூரியை விட்டு விமானப்படையில் சேர்ந்து, இத்தாலியிலிருந்து குண்டுவீச்சு விமானத்தில் 52 தடவை போருக்குப் பறந்தவர். ஆர்ச்சியையும் அவர் இத்தாலியில் அதே போரில் கடமையாற்றியவராகவே படைத்தார். ஆர்ச்சியின் இராணுவப் பெருமை வெளியிலிருந்து பார்த்து நையாண்டி செய்யப்பட்ட ஒன்றல்ல என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் நத்தார் அங்கங்களுக்கு அதற்கு முன்பே ஒரு வாய்பாடு இருந்தது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த "ஆன்டி கிரிஃபித்" தொடரின் நத்தார் அங்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கள்ளச்சாராயம் காய்ச்சிய ஒருவனைப் பண்டிகை நாளிலும் சிறையில் வைத்தே ஆகவேண்டும் என்று பென் வீவர் என்ற கடைக்காரர் அடம்பிடிக்கிறார். காவலதிகாரியின் குடும்பமோ சிறைக்கூடத்திலேயே நத்தாரைக் கொண்டாடத் தொடங்கிவிடுகிறது. வெளியில் நின்று சன்னல் வழியே பார்த்து, தானும் சேர்ந்து பாடும் அந்தத் தனிமனிதர், உள்ளே போவதற்காகத் தன்னைக் கைதுசெய்ய வைக்கச் சின்னச் சின்னக் குற்றங்கள் செய்யத் தொடங்குகிறார். நான் மிகவும் நேசிக்கும் அங்கம் அது. அங்கே கல்நெஞ்சு கரைகிறது, பிணக்குத் தீருகிறது, எல்லோரும் ஒன்றாகிறார்கள். 1976ஆம் ஆண்டு நத்தார் இரவில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படியொரு கரைதலைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

மேசைக்கு வந்த இருவர்

அன்று அவர்களுக்குக் கிடைத்த அங்கத்தை எழுதியவர்கள் ஜே மொரியார்ட்டியும் மைக் மில்லிகனும்; இயக்கியவர் போல் போகார்ட். பங்கர் வீட்டு நத்தார் விருந்துக்கு இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள். ஆர்ச்சி அழைத்தது தன் பழைய நண்பர் பிங்கியை. அவருடைய மகன் ஸ்டீவ் வியட்நாமில் இறந்தவன். மைக்கைத் தேடி வந்தவன் அவனுடைய நண்பன் டேவிட். கட்டாய ஆட்சேர்ப்பை மறுத்துக் கனடாவுக்குப் போனவன், பிடிபட்டால் வழக்கு என்ற நிலையில் இரகசியமாக எல்லை கடந்து வந்திருக்கிறான். கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்னவென்று எங்களுடைய வாசகர்களுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

காலத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் நின்றுவிட்டது. சைகோன் 1975 ஏப்ரல் 30ஆம் திகதி வீழ்ந்துவிட்டது. போர் முடிந்தும், மறுத்துப் போனவர்களை என்ன செய்வது என்ற வழக்கு முடியவில்லை. ஜனாதிபதி ஃபோர்ட் 1974 செப்டெம்பரில் நிபந்தனையோடு கூடிய ஒரு சலுகையை அறிவித்தார்: விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும், இரண்டு ஆண்டுகள் வரை மாற்றுச் சேவை செய்யவேண்டும். 1976 ஓகஸ்டில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட ஜிம்மி காட்டர், முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் மாநாட்டிலேயே போய் நின்று, தான் வென்றால் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளிப்பேன் என்று சொன்னார். மண்டபம் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. நவம்பரில் அவர் வென்றார். இந்த அங்கம் ஒளிபரப்பானபோது அவர் இன்னும் பதவியேற்கவில்லை. ஆகவே அன்றிரவு நாட்டின் பல வீடுகளிலும் உண்மையாகவே தீர்க்கப்படாமல் கிடந்த ஒரு கேள்விதான் பங்கர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது.

உண்மை வெளிப்பட்டதும் ஆர்ச்சி கொதித்தெழுகிறார். அவருடைய கோபத்தை நடிகர் கரோல் ஓகொனர் நடித்திருக்கும் விதத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். அதுவரை ஒவ்வொரு வசனத்துக்கும் சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சற்றுத் தடுமாறுகிறது. போர் பிழையானது என்பதை எப்போதுதான் ஒப்புக்கொள்ளப்போகிறீர்கள் என்று மைக் கத்துகிறான். அந்தக் கேடுகெட்ட போரைப் பற்றி இனி நான் பேசவே விரும்பவில்லை, நான் பேசுவது வேறொன்றைப் பற்றி என்று ஆர்ச்சி திருப்பிக் கத்துகிறார். அவருடைய குரல் உடைவது அந்த இடத்தில்தான். தன்னையறியாமலே அந்தப் போரை அவர் கேடுகெட்டது என்று சொல்லிவிட்டார். அது பங்கர் வீட்டில் ஒரு பெரிய நிகழ்ச்சி. அதன் பிறகு அவர் சொல்லும் வாதம் தொடரின் நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் ஒருங்கே சொந்தமானது. போருக்குப் போவதா என்று இளைஞர்களிடம் கேட்டால் மாட்டோம் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சாக விருப்பமில்லை. அதனால்தான் முடிவை நாடாளுமன்றத்துக் கிழவர்களிடம் விட்டிருக்கிறோம், சாகப்போவது அவர்கள் இல்லையே என்கிறார். மண்டபத்தில் சிரிப்பு எழுகிறது. மைக் தன் வாழ்நாளெல்லாம் சொல்ல முயன்ற போரெதிர்ப்பு வாதத்தை, போரை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டே ஆர்ச்சி முழுமையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்.

இத்தனையும் நடக்கும்போது பிங்கி பேசவில்லை. பிங்கியாக நடித்த யூஜின் ரோஷை நான் கவனிக்கத் தொடங்கியது பல தடவை பார்த்த பின்னர்தான். கோபத்தின் சத்தத்தில் கண் இயல்பாக ஆர்ச்சியிடமே போகிறது. இந்தச் சண்டை முழுவதும் பிங்கியின் மகன் பேரில் நடக்கிறது, ஆனால் பிங்கியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவரேதான் கேட்கவேண்டியிருக்கிறது: என்னுடைய கருத்துக்கு இங்கே ஏதாவது மதிப்பு இருக்கிறதா? ஆர்ச்சிக்கு அது வலிமையான துணை கிடைத்ததுபோல் இருக்கிறது. நிச்சயமாக, இந்த அறையில் எவருடைய கருத்தைவிடவும் உன் கருத்துத்தான் பெரியது, நீ மகனைக் கொடுத்த தகப்பன் என்கிறார். முதலாம் உலகப்போர்க் காலத்திலிருந்து, படையில் பிள்ளை இருக்கும் வீட்டின் கொடியில் நீல நட்சத்திரமும், அந்தப் பிள்ளை இறந்தால் பொன் நட்சத்திரமும் வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆர்ச்சி அந்தப் பொன் நட்சத்திரத்தைத்தான் தன் பக்கத்துச் சாட்சியாக முன்னிறுத்துகிறார்.

பிங்கி எழுந்து பேசுகிறார். என் மகனும் அந்தப் போரை வெறுத்தான். ஆனால் தான் செய்யவேண்டும் என்று நினைத்ததைச் செய்தான். டேவிட்டும் தான் செய்யவேண்டும் என்று நினைத்ததைச் செய்தான். டேவிட் உயிரோடு இருக்கிறான், எங்களோடு இருந்து நத்தார் விருந்து உண்ண முடிகிறது. ஸ்டீவ் இங்கே இருந்திருந்தால் இவனோடு சேர்ந்திருந்து உண்ண விரும்பியிருப்பான். அதைத்தான் நானும் விரும்புகிறேன். இந்தப் பொருளில் சில வாக்கியங்கள். அதற்கு மேல் இல்லை. பிறகு டேவிட்டிடம் கையை நீட்டி நத்தார் வாழ்த்துச் சொல்கிறார்.

யாருடைய கோபம்

அந்த முதியவருக்குப் பொறுக்காமல் போனது இந்தக் கைகொடுத்தல்தான். அவர் சொன்னதை அறையில் இருந்த சிலர் ஆமோதித்தார்கள், சிலர் மறுத்தார்கள். போனவன், நின்றவன், செத்தவன், பிழைத்தவன் என்று பேச்சு மிக விரைவில் வியட்நாமை விட்டு எங்கேயோ போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்பதை வாசிப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அந்த அறையில் தம்பியைப் போரில் இழந்த அக்கா ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அறிந்த விடயம் அது. நீண்ட நேரம் நடந்த அந்த வாதத்தில் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு நோகக்கூடாது என்று நினைத்து விட்டிருக்கலாம். புறப்படும்போது, வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, என்னிடம் மட்டும் அவர் ஒன்று சொன்னார்: "தகப்பன் மன்னிச்சவர் எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். அவர் எங்கை மன்னிச்சவர்? இருந்து சாப்பிடத்தானே சொன்னவர்."

நான் மறுபடி மறுபடி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தது இதற்குப் பிறகுதான். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிங்கி எந்த இடத்திலும் டேவிட்டை மன்னித்ததாகச் சொல்லவில்லை. டேவிட் செய்தது சரியென்று சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. போர் வீணானது என்று மைக்குக்கும் அவர் துணைபோகவில்லை. தன் மகன் ஏமாந்துபோனான் என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்திருந்தால், மைக்கின் வாதம் அந்த இடத்திலேயே வென்றிருக்கும். எழுதியவர்கள் அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்கவில்லை. மகனுடைய முடிவுக்கும் டேவிட்டின் முடிவுக்கும் ஒரே வகையான வாக்கியத்தை, ஒரே சொற்களை அவர் பயன்படுத்துகிறார். இரண்டையும் சமமென்று சொல்வதாக அந்த முதியவர் அதைக் கேட்டார், கோபப்பட்டார். மகனுடைய முடிவை யாரோ பிடித்துத் தள்ளிய முடிவாக விட்டுவிடாமல், அவன் தானே யோசித்து எடுத்த முடிவாகக் காப்பாற்றும் சொற்களாக எனக்கு அவை கேட்கின்றன. போரை வெறுத்தும் போனான் என்று தகப்பன் சொல்லும்போது, ஆர்ச்சி அவ்வளவு நேரமும் உயர்த்திப் பிடித்திருந்த வீரனின் படத்துக்குப் பதிலாக, குழம்பி, யோசித்து, முடிவெடுத்த ஒரு பிள்ளை முதல்முறையாக அந்த மேசையில் தென்படுகிறான். அதைச் சொல்லத் தகப்பனால் மட்டுமே முடியும். கைவிட்டவர் செய்யும் வேலை இதுவல்ல.

மற்றவருடைய இழப்புக்காக நாம் கோபப்படுவது இலகுவானது என்று நான் சொல்லமாட்டேன்; ஆர்ச்சியின் கோபம் இலகுவான கோபமல்ல. அவர் நண்பனை நேசிக்கிறார். நண்பனுக்கு நோகுமே என்று பதறுகிறார். அந்தப் பதற்றத்தில் நண்பனுக்கு என்ன நோகிறது என்பதைத் தானே தீர்மானித்துவிடுகிறார். தனக்குச் சொந்தமில்லாத ஒரு துயரத்தைக் கையில் எடுத்து, அதைக்கொண்டு மைக்கோடு தனக்கிருக்கும் பழைய சண்டையையும் போடுகிறார். மைக்கும் அதையேதான் மறுபக்கத்திலிருந்து செய்கிறான். இறந்தவன் பெயரை இருவரும் பயன்படுத்துகிறார்கள். பிங்கி தன் மகனை அந்த இருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அங்கத்தின் திருப்பம் அந்த வாங்கிக்கொள்ளலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. இந்த அங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மன்னிப்பையும் நத்தாரின் நல்லெண்ணத்தையும் பற்றிப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போல்ட்வின் தெரு

ரொறன்ரோவில் இருந்துகொண்டு இந்த அங்கத்தைப் பார்ப்பவர்களுக்கு டேவிட் திரையில் தோன்றும் ஒரு பாத்திரமாக மட்டும் இருக்கமுடியாது. ஸ்பாடைனா அவெனியூவுக்குக் கிழக்கே போல்ட்வின் தெருவில்தான் அறுபதுகளின் இறுதியில் அவனைப் போன்ற பலர் வந்து தங்கினார்கள். அமெரிக்கர்களின் குடியிருப்பாகவே அந்தப் பகுதி அறியப்பட்டது. ஆட்சேர்ப்பை மறுத்து வருபவர்கள் எப்படி விண்ணப்பிக்கவேண்டும், எல்லையில் என்ன கேட்பார்கள், இங்கே எப்படி வேலை தேடலாம் என்றெல்லாம் விளக்கும் ஒரு கைநூல் 1968இல் இந்த நகரத்திலிருந்துதான் வெளிவந்தது. 1969 மே மாதத்தில், குடியேற வருபவர் வேறொரு நாட்டின் இராணுவக் கடமையிலிருந்து விடுபட்டவரா என்று எல்லையில் கேட்கவேண்டியதில்லை எனக் கனடிய அரசு அறிவித்தது. இன்று அந்தத் தெருவில் சின்னச் சின்ன உணவகங்கள். நான் அங்கே நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இங்கே வந்தவர்களுக்கு வழிகாட்டிய கைநூலில் எல்லாம் இருந்திருக்கும், திரும்பிப் போய் ஒரு ஸ்டீவின் தகப்பனுக்கு எதிரே இருந்து எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும் இருந்திருக்காது.

டேவிட்டுக்கு எதிராக ஆர்ச்சி சொல்லாமல் விட்ட ஒரு நியாயம் உண்டு. அதை யாராவது சொல்லியிருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். வியட்நாம் போரின் பெரும்பகுதிக் காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆட்சேர்ப்பிலிருந்து ஒத்திவைப்புக் கிடைத்தது. கல்லூரிக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இருக்கவில்லை. குயீன்ஸின் தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளை இழந்ததன் பின்னால் இந்த ஏற்பாடும் இருந்தது. ஆர்ச்சியின் ஆத்திரத்துக்கு அடியில் கிடப்பது நாட்டுப்பற்று மட்டுமல்ல. தன்னைப் போன்றவர்களின் பிள்ளைகளே போனார்கள் என்ற, அவருக்கே சொல்லத் தெரியாத ஒரு கணக்கும் அங்கே இருக்கிறது. ஓகொனர் தன் குரலில் அதைக் கொண்டுவந்துவிடுகிறார். வசனத்தில் அது இல்லை.

பிங்கி பேசி முடித்ததும் மற்றவர்கள் மேசையில் அமர்கிறார்கள். ஆர்ச்சி ஒதுங்கி நிற்கிறார். பிங்கியால் அவனோடு இருந்து சாப்பிட முடியுமென்றால் உங்களால் ஏன் முடியாது என்று ஈடித் கேட்கிறார். ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டன் அதைக் கேட்கும் விதத்தில் குற்றச்சாட்டு ஒரு துளியும் இல்லை. இதை நான்தான் யோசித்துத் தீர்க்கவேண்டும் என்ற பொருளில் ஆர்ச்சி பதில் சொல்கிறார். அவர் மனம் மாறிவிட்டதாக அங்கம் நமக்குச் சொல்லவில்லை. மாறவேண்டும் என்று அவரை அவமானப்படுத்தவும் இல்லை. பென் வீவரைப் போல அவர் கரைந்திருந்தால், நாட்டில் அவரைப் போல நினைத்த கோடிக்கணக்கானவர்களுக்கு, அமெரிக்கன் லீஜியன் மண்டபத்தில் கூச்சலிட்டவர்களுக்கு, அது ஒரு பொய்யாகவே இருந்திருக்கும். நத்தார் இரவில் அந்தப் பொய்யைச் சொல்லாமல் விடுவதற்கு எழுதியவர்களுக்கு நிறையத் துணிவு வேண்டியிருந்திருக்கும். அடுத்த ஆண்டு நத்தாருக்கும் இதே தொடர் இப்படித்தான் செய்தது. ஈடித்துக்குப் பிரியமான பெவர்லி, மைக்கைத் தாக்க வந்தவர்களைத் தடுக்கப்போய்க் கொல்லப்படுகிறார். எந்நேரமும் கடவுளை நம்பிய ஈடித்தால் பிரார்த்திக்க முடியவில்லை. 1977 டிசம்பர் 25ஆம் திகதி ஒளிபரப்பான அதன் இரண்டாம் பாகத்தில், எல்லாவற்றையும் ஒரேயடியாக விளங்கிக்கொள்ளவேண்டியதில்லை என்று அவருக்கு ஆறுதல் சொல்பவன் கடவுள் நம்பிக்கையே இல்லாத மைக். அதைத் தனியே எழுதவேண்டும்.

டேவிட் அந்த மேசையில் இருந்து நான்கு வாரங்கள் முடிவதற்குள், 1977 ஜனவரி 21ஆம் திகதி, பதவியேற்ற மறுநாளே காட்டர் பொதுமன்னிப்பை அறிவித்தார். அவர்கள் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை, சரியோ பிழையோ அது மன்னிக்கப்படுகிறது என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. ஆட்சேர்ப்பை மறுத்தவர்களுக்கு அது பொருந்தியது. படையில் சேர்ந்த பிறகு விட்டு ஓடியவர்களுக்குப் பொருந்தவில்லை. பலர் திரும்பிப் போனார்கள், பலர் கனடாவிலேயே தங்கி இங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். பிங்கி செய்தது காட்டர் செய்ததைவிடச் சிறிய காரியம், அவர் அறிவித்தது எதுவுமில்லை. அது கடினமான காரியமும்கூட, ஏனென்றால் காட்டர் யாருக்கும் எதிரே அமர்ந்து சாப்பிடவேண்டியிருக்கவில்லை.

இந்தக் காட்சி மட்டும் ஐந்தாறு நிமிடத் துண்டாக வெட்டப்பட்டு இணையத்தில் சுற்றுகிறது. பெரும்பாலானவர்கள் பார்ப்பது அதைத்தான். தயவுசெய்து முழு அங்கத்தையும் பாருங்கள். துண்டில் ஆர்ச்சி கத்தும் ஒரு கிழவராக மட்டுமே தெரிகிறார். மகனில்லாத நண்பனைப் பண்டிகை நாளில் தன் வீட்டுக்கு அழைத்தவர் அவர்தான் என்பது அதற்கு முந்திய பகுதியில்தான் இருக்கிறது. அந்த மேசையில் பிங்கிக்கு ஒரு கதிரை இருந்ததே ஆர்ச்சியால்தான்.